வேனுக்குள் ஏழு உறவினர்கள்

"அந்த மூணாவதுக்கு என் சட்டையைப் போட்டு விடு மாப்ளே, சீக்கிரம்!" என்று பொம்மைக்காரர் மச்சானை விரட்டினார்.

துணிக்கடைகளில் நிற்குமே ஆளுயரப் பொம்மைகள், அவற்றைச் செய்து விற்பவர் அவர். காலையில் ஏழு பொம்மைகளை ஏற்றிப் போன வேன் மின்கம்பத்தில் முட்டிக்கொண்டது. கதவு நசுங்கித் திறக்கவே வரவில்லை. பொம்மைகளை வெளியே எடுக்க வழியில்லை. இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் வண்டி எழும், வண்டி எழுந்தால்தான் அடுப்பு எரியும். பாலிசியோ சொந்த உபயோகத்துக்கென்று எடுத்தது. சரக்கு ஏற்றியது தெரிந்தால் கையை விரித்துவிடுவார்கள். அதனால்தான் பொம்மைகளை ஆட்களாக்கும் இந்த அவசரம்.

"மாமா, இந்த நாலாவதுக்குத் தலையே இல்லையே!"

"சால்வையைப் போத்துடா!"

மச்சான் ஜன்னல் வழியாகப் போர்த்தி முடிப்பதற்குள் சேதத்தைப் பார்வையிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நின்றார்.

"மோதும்போது வண்டியில என்ன சரக்கு இருந்துச்சு?"

"சரக்கா? சேச்சே! குடும்பத்தோட கிளம்பினோம் சார்."

சர்வேயர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னும் இறங்கலையா? யாரும் அசையவே இல்லையே! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

"ஐயையோ, வேண்டாம் சார்! எங்க வகையறாவே கொஞ்சம் அழுத்தக்காரங்க."

"அந்தம்மாவுக்குத் தலையைக் காணோமே?"

பொம்மைக்காரருக்கு வியர்த்து ஊற்றியது. மச்சான் முந்திக்கொண்டான். "அது எங்க பெரியம்மா சார். புது ஆளுங்க முன்னாடி தலை காட்ட மாட்டாங்க."

சர்வேயர் ஜன்னலுக்குள் கைவிட்டு, சட்டை போட்டவரின் தோளைத் தட்டினார். முழுக் கையும் கழன்று அவரோடு வந்துவிட்டது.

"சித்தப்பா சார்," என்றார் பொம்மைக்காரர். "தங்கமான மனுஷன். யார் என்ன கேட்டாலும் கழட்டிக் கொடுத்துடுவார்."

சர்வேயர் சித்தப்பாவின் கையை மரியாதையாக அவர் மடியிலேயே வைத்தார்.

"இதோ பாருங்க, உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன். இதெல்லாம் வியாபாரத்துக்குக் கொண்டுபோன பொம்மைதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

'ஆஹா, போட்டு வாங்குகிறான்!' என்று பொம்மைக்காரர் உஷாரானார். "பெத்த பொண்ணு மேல சத்தியம் சார், ஏழு பேரும் ரத்த சொந்தம்!"

"எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"ரெண்டு இடத்துல போடறேன்!"

போட்டார். சாட்சிக்கு மச்சானும் போட்டான். சர்வேயர் நீளமாகப் பெருமூச்சு விட்டு ஃபைலை மூடினார். பொம்மைக்காரருக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து, வீட்டிலிருந்து பாலிசித் தாளைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் அவர் மனைவி.

"இந்தாங்க சார்! சொன்னா செலவுன்னு குதிப்பாரேன்னு இவருக்குத் தெரியாமலே போன மாசம் வியாபார வண்டின்னு மாத்தி வாங்கிட்டேன். இப்ப பொம்மை ஏத்திட்டுப் போய் மோதினா மொத்தப் பணமும் வந்துடும், சொந்தக்காரங்களை ஏத்தினாத்தான் சல்லிக்காசு கிடைக்காது!"