இரகசியம் உள்ளவர்கள் கை தூக்கவும்

தனிமனிதரின் இரகசியத்தைக் காப்பது தலையாய கடமை என்று மேலிடம் தீர்மானித்ததும், தொழில்களுக்கு அனுமதி கொடுக்கும் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஜீப்பும் ஓர் ஒலிபெருக்கியும் வந்து சேர்ந்தன. ஒலிபெருக்கி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பட்டதாரிப் பயிலுநரான நானும் கேட்கவில்லை. வேலை நிரந்தரமாகும்வரை வாயைத் திறக்காதே என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதல் விசாரணை தனுஜா மீது. பதுளையில் துணைக்கு ஆள் அனுப்பும் தொழில் நடத்துகிறவர். கல்யாணத்துக்குத் தனியாகப் போகக் கூச்சப்படுகிறவர்களுக்காக, நல்ல சேலை கட்டிய பெண்களும் கோட் போட்ட ஆண்களும் அவரிடம் இருந்தார்கள். கூடப் போவார்கள், சிரிப்பார்கள், சாப்பிடுவார்கள், திரும்பி வருவார்கள். அவ்வளவுதான். ஆனாலும் ஊர் வேறு மாதிரித்தான் பேசும். துணை எடுத்தவர் பெயர் வெளியே வந்தால் அவர் தலைகாட்ட முடியாது. தனுஜாவின் பிழைப்பும் அன்றோடு முடிந்துவிடும்.

எங்கள் அதிகாரி லிங்கம் விசாரணையைத் தொடங்கினார்.

"வாடிக்கையாளர் இரகசியத்தைக் காப்பாத்துறீங்களா?"

"ஆமாங்க சேர்."

"எதை எதைக் காப்பாத்துறீங்க? ரெண்டு மூணு சொல்லுங்க, பார்ப்போம்."

"சொன்னா அது ரகசியம் இல்லையே சேர்."

"சொல்லாட்டி, ரகசியம் இருக்குன்னு நான் எப்படி நம்புறது?"

இதில் ஏதோ பிழை இருப்பதாக எனக்குப் பட்டது. ஆனால் அது என் தரத்துக்கு மேற்பட்ட பிழை. தலையாட்டினேன்.

"சரி, வாடிக்கையாளர்களே சாட்சி சொல்லட்டும். சாட்சி இல்லாட்டி அனுமதி ரத்து" என்றார் லிங்கம்.

தனுஜாவுக்கு வாடிக்கையாளர்கள் அதிகம் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என்று கேள்வி. தோட்டத்தில் எந்த அறிவித்தலும் காலையில் எல்லோரும் வேலைக்குக் கூடும் பெரட்டில்தான் செய்யப்படும். ஆகவே மறுநாள் தனுஜாவையும் ஏற்றிக்கொண்டு பெரட்டுக்குப் போனோம்.

"இரகசியமாகத் துணை எடுத்தவர்கள் தயவுசெய்து கை தூக்கவும்!" லிங்கம் ஒலிபெருக்கியில் முழங்கினார். "உங்கள் பெயர் எக்காரணம் கொண்டும் வெளியிடப்பட மாட்டாது!"

எதிர் மலையும் "மாட்டாது, மாட்டாது" என்று உறுதியளித்தது. ஒரு கையும் எழவில்லை.

"ஒருத்தரும் இல்லையா? அப்ப அனுமதி ரத்து."

தனுஜாவின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், ஹாலிஎலையில் போன் கடைக்கு வேலைக்குப் போகும் வழியில் நின்ற பிரதீஷ் மெதுவாகக் கையைத் தூக்கினான். பக்கத்தில் கூடையோடு நின்ற அவன் அம்மா பாக்கியலெட்சுமி அந்தக் கையை இழுத்தார்.

"அடேய், எதுக்குடா தூக்குற?"

"அப்புத்தளை கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வந்தேனேம்மா, லக்ஷனா... அது இவங்க அனுப்புன ஆள்."

"அந்தப் புள்ளையா? மருமகள்னு லயத்துல வீடு வீடா சொல்லி வச்சிருக்கேனேடா!"

பெரட்டே சிரித்தது. கங்காணி ரெங்கசாமி மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க ஏன் மொறைக்கிறீங்க?" என்றார் லிங்கம்.

கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு கையைத் தூக்கினார். "அதே கல்யாணத்துல கோட்டு போட்டுகிட்டு வந்தாரே, கனடாவுல இருக்கிற என் மச்சான்... அவரு பண்டாரவளைக்காரருங்க."

அதன்பின் கைகள் வரிசையாக எழுந்தன. ஒருவருக்குச் சித்தப்பா, ஒருவருக்கு மனைவியின் தங்கை.

"அந்தக் கல்யாணத்துல மாப்பிள்ளையாவது சொந்தமாய்யா?" என்று பாக்கியலெட்சுமி கத்தினார்.

லிங்கம் திருப்தியோடு தீர்ப்பளித்தார். "சாட்சிகள் வந்தாச்சு. இரகசியம் இருந்தது நிரூபணமாச்சு. ஆனா இப்ப எல்லாம் வெளிய வந்துட்டு. காப்பாத்த ஒண்ணும் மிச்சமில்ல. அப்புறம் உங்களுக்கு எதுக்கு அனுமதி? கடையை மூடுங்க."

தனுஜா ஒலிபெருக்கியை வாங்கினார்.

"ஒண்ணு மிச்சம் இருக்குங்க சேர். கை தூக்காத ஒருத்தர் இங்கதான் நிக்கிறாரு. பேரைச் சொல்லவா?"

"வேணாம்!"

அது லிங்கத்தின் குரல் மட்டும் அல்ல. ஜீப் சாரதி, தொழிற்சாலை உத்தியோகத்தர், பின்வரிசை முழுவதும் சேர்ந்து கத்தியது. பாக்கியலெட்சுமியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அனுமதி அந்த இடத்திலேயே மீண்டும் வழங்கப்பட்டது.

திரும்பும் வழியில் ஜீப்பில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நான் இதுவரை யாரையும் துணைக்கு எடுத்தது கிடையாது. நானும்தான் கத்தியிருந்தேன்.