ஜெர்மன் ஹோட்டலுக்கு ஓட்டோ சொன்ன சாட்சி

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் செல்லப்பா அவர்களுக்கு, ஆறுச்சாமி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை வீரலட்சுமியும் சுகம். என் இரத்த அழுத்தம் மட்டும் என் மகன், உங்கள் அருமை மருமகன் அனூப் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏறுகிறது. பொள்ளாச்சியில் நீங்களும் அக்காவும் மாடுகளும் நலம் என்று நம்புகிறேன்.

நம் ஜெர்மன் ஹோட்டலை மூடிவிட்டுக் அரபுக்காரர்களின் கோழிச்சோறு விற்கும் குழிமந்திக் கடை போடும்படி அனூப்புக்கு நீங்கள் போனில் யோசனை சொன்னீர்களாமே? பெண் கொடுத்த வீட்டில் செய்கிற காரியமா இது? அறுபத்தாறு வருஷக் கடை மச்சான்! என் அப்பா வெங்கிடாசலம் வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில், பழுதாகி மூன்று மாதம் நின்ற ஜெர்மன் கப்பலில் ஓட்டோ என்பவரிடம் சமையல் கற்று ஆரம்பித்த கடை. முட்டைக்கோஸ் வதக்கல், உருளைக்கிழங்கு மிளகுப் பிரட்டல், கோழிக் கட்லெட். மூன்றே அயிட்டம், இன்றுவரை எதுவும் மாறவில்லை. எல்லாவற்றிலும் கறிவேப்பிலை கிடக்கிறதே என்று யாராவது கேட்டால், ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு கறிவேப்பிலை மரம் உண்டு என்று அப்பா அடித்துச் சொல்வார். போய்ப் பார்த்தவர் யாரும் எங்கள் பஜாரில் இல்லாததால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கையில் கரண்டியோடு ஓட்டோ நிற்கிற படம் கடைச் சுவரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அப்பா போட்ட கார்டுகளுக்குப் பதில் வராததால், எழுபத்துநாலாம் வருஷம் அவர் காலமாகிவிட்டதாகக் குடும்பத்தில் முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து படத்துக்கு மாலையும் சிவப்பு பல்பும். கர்க்கடக வாவுக்கு, அதாவது நம் ஆடி அமாவாசைக்கு, ஆலுவா ஆற்றங்கரையில் நம் முன்னோர்களோடு அவருக்கும் சேர்த்தே பிண்டம் வைக்கிறோம். நட்சத்திரம் கேட்பார்களே என்று திருவாதிரை என அப்பாவே வைத்துவிட்டார்.

போன மாதம் சாயா குடிக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் படத்தைப் பார்த்து, "என் தாத்தா!" என்று கத்தினாள். நான் கண் கலங்கி அனுதாபம் சொன்னேன். அவளோ, தாத்தா எண்பத்தெட்டு வயதில் சைக்கிள் ஓட்டுகிறார், அடுத்த மாதம் கப்பலில் கொச்சிக்கு வருகிறோம் என்கிறாள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு ஐம்பது வருஷமாகப் பிண்டம் வைத்திருக்கிறோம் மச்சான்! வீரலட்சுமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அனூப்புக்கு மட்டும் குஷி. "அப்பா, அந்த அப்பூப்பனே வந்து சாப்பிட்டு நோக்கட்டும். இது ஜெர்மன் கப்பல்ல உண்ட அதே சாப்பாடுதான்னு சொன்னா நம்ம போர்டு இருக்கட்டும். இல்லெங்கில் குழிமந்தி, சம்மதமா?" என்றான். ரோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். அதற்குள் படத்தை இறக்கிவிடலாம் என்று பார்த்தால், அப்பா அதைச் சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார். மாலையை மட்டும் கழற்றினேன். பல்பு அணையவில்லை, அதன் ஸ்விட்ச் எங்கே என்று அப்பாவுக்குத்தான் தெரியும். ஓட்டோ தன் படத்துக்குத் தானே ஒரு சல்யூட் வைத்துவிட்டு உட்கார்ந்தார். உங்கள் தங்கை என் காதில், "இவருக்கு நெழல் விழுதான்னு பாருங்கோ" என்கிறாள். அவர் முட்டைக்கோஸை வாயில் வைத்தார், கண்ணை மூடினார், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அறுபத்தாறு வருஷமும் அந்த ஒரு வாயில் இருக்கிறதே! மூன்று தட்டு காலி. "அதே கப்பல் ருசி, கொஞ்சங்கூட மாறவில்லை என்கிறார்" என்று பேத்தி சொன்னாள். புதுப் போர்டு எழுத வாங்கி வைத்திருந்த பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு அனூப் உள்ளே போனான். அப்பா இருந்து பார்த்திருக்கலாமே என்று நான் எல்லோர் முன்னாலும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

ஆகையால் இனி அனூப்புக்கு யோசனை சொல்வதை நிறுத்திவிட்டு, என் அப்பாவின் ஜெர்மன் கைப்பக்குவத்தைப் பாராட்டி நாலு வரி எழுதி அனுப்புங்கள், கண்ணாடி போட்டு மாட்டுகிறேன். அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி, புதிதாகப் பிறந்த கன்றுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
ஜெர்மன் ஹோட்டல் ஆறுச்சாமி

பி.கு.: அந்த நாலு வரியை எழுதிவிடாதீர்கள். "உங்கள் தாத்தாவின் கைப்பக்குவத்துக்கு நன்றி" என்று அனூப் பேத்திக்குச் செய்தி அனுப்பியிருந்தான், உறையை ஒட்டும் நேரத்தில் பதில் வந்தது. ஓட்டோ கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவராம். கரண்டி, படத்துக்காக இரவல் வாங்கியதாம். அவரிடம் இருக்கிற முழுப் படத்தில் சமையல்காரர் பக்கத்திலேயே நிற்கிறார், நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு, தூத்துக்குடிக்காரராம். நம் படத்தில் அந்தப் பாதியை வெட்டியது அப்பாதான். கத்திரிக்கோல் கோணலாகப் போனது இப்போதுதான் என் கண்ணில் படுகிறது. தூத்துக்குடி ஹோட்டல் என்றால் மட்டாஞ்சேரியில் எவன் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்திருப்பார். கடை போச்சு என்று நான் உட்கார்ந்துவிட்டேன். வெளிநாட்டுச் சாப்பாடு பிடிக்காது என்று முப்பது வருஷமாக நம் கடையில் ஒரு வாய் வைக்காத அனூப், ஒரு தட்டு போட்டு வந்து என் எதிரே உட்கார்ந்து முழுதும் சாப்பிட்டான். "நம்ம ஆளு வெச்ச சமையல்னு முன்னாடியே பறஞ்சிருந்தா, நான் ஏன் வேற கடை நோக்கப் போறேன்?" என்று என்னைத்தான் கோபித்தான். இப்போது அடுப்படியில் நின்றுகொண்டு கட்லெட்டில் உப்பு போராது என்று கத்துகிறான், நான் போகிறேன்.