அறுபதாம் பிறந்தநாளும் ஒரு கத்தரிக்கோலும்

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இதை நான் அடிக்கடி சொல்வேன். (கேட்காதவர்களிடமும் சொல்வேன்.) அப்பா இன்றைக்கும் கைநாட்டுதான். அம்மா நிறத்தை வைத்துத்தான் பேருந்தை அடையாளம் கண்டு ஏறுவாள். ஐந்தாம் வகுப்பிலிருந்தே ரேஷன் கடை மனு, வங்கிப் படிவம், மாத்திரை அட்டை என்று எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. அப்படி வளர்ந்தவளுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும்: எதையும் முன்கூட்டியே படித்துவிட்டுப் போனால் அவமானப்பட வேண்டியதில்லை.

என் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானம், நான் மிக நன்றாகப் படித்துவிட்டுப் போன ஒரு நாளில்தான் நடந்தது.

அப்போது நான் ஆக்லாந்துக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. எந்த இயந்திரத்தை எப்படி இயக்க வேண்டும் என்று படிப்படியாக எழுதி, சுவரில் ஒட்டுவேன். அங்கேதான் தினேஷைச் சந்தித்தேன். அவன் மலேசியத் தமிழன். பன்னிரண்டு வயதில் கிள்ளானிலிருந்து பெற்றோருடன் இங்கே வந்தவன். இரண்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தோம். அதாவது நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். அவன் அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அந்தப் பையனோட ஆத்தா அவுக வாயால எங்கிட்ட பேசட்டும். நீ சொல்லி நான் சரிங்க மாட்டேன். நாளைக்கு அந்த வீட்ல நீதானே இருக்கப்போற?"

ஆக, எல்லாம் ஒரு பெண்மணியின் வாயில் இருந்தது. அந்த நேரம் பார்த்து தினேஷின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். நான்கு மாதம் யாரும் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் தினேஷ் சொன்னான். "டாடிக்கு அறுபது வருது. ஃபங்ஷன் எல்லாம் வேணாம்னுட்டாங்க மம்மி. நாலு பேர் மட்டும் லஞ்ச். உன்னையும் கூட்டியாரச் சொன்னாங்க."

"எங்க?"

"நியூ லின்ல ஒரு கொரியன் சைனீஸ் கடை. கறுப்பு சாஸ் போட்ட மீ குடுப்பாங்க. கிள்ளான்ல சாப்பிட்ட ஹொக்கியன் மீ மாதிரியே இருக்குன்னு டாடி சொல்வாரு." (மீ என்றால் அவர்கள் பேச்சில் நூடுல்ஸ்.)

"நான் ஏதாவது தெரிஞ்சு வச்சுக்கணுமா?"

"சும்மா மீ சாப்பிடப் போறோம்லா," என்றான். நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தும் இப்படிச் சொன்னான் பாருங்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பத்து நாள் இருந்தது. ஒரு நோட்டு வாங்கினேன். கொரியச் சாப்பாட்டு மேசை மரியாதைகள் பற்றி எத்தனை வீடியோ உண்டோ அத்தனையும் பார்த்தேன். சாப்பிடுகிற மரக்குச்சிகளை ரப்பர் பேண்டால் கட்டி, வேகவைத்த கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழகினேன். ஆறாம் நாள் ரப்பர் பேண்டை அவிழ்த்தேன். எட்டாம் நாள் ஒரு தட்டுக் கடலையை ஒன்றுகூடச் சிந்தாமல் காலி செய்தேன். பெரியவர்கள் முதலில் வாய் வைக்க வேண்டும். பாத்திரத்தை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். கறுப்பு நூடுல்ஸ் வந்தவுடன் கிளற வேண்டும், ஆறவிடக்கூடாது. நூடுல்ஸ் மிக நீளமாக இருக்கும், மேசையில் கத்தரிக்கோல் தருவார்கள், பெரியவர்களுக்கு இளையவர்கள் வெட்டிக் கொடுப்பது பணிவு. கடைசிக் குறிப்பைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். நெஞ்சை அறுத்துத் தைத்த மனிதர், தடித்த நூடுல்ஸ், அருகே அக்கறையோடு கத்தரிக்கோலை எடுக்கும் நான், அதைப் பார்த்துக் கண் கலங்கும் அவன் அம்மா. காட்சி அப்படியே கண்முன் வந்தது.

அன்றைக்கு நல்ல மழை. நியூ லின் ரயில் நிலையத்திலிருந்து நடந்து கடைக்குள் போனபோது கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு மேசைதான் இருக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தண்ணீர் ஜாடி, மஞ்சள் நிற முள்ளங்கி ஊறுகாய், ஒரு பெரிய கத்தரிக்கோல். பார்த்தவுடன் தேர்வில் படித்த கேள்வியே வந்தது போல நிம்மதியாக இருந்தது.

தினேஷின் அம்மா நீலச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பா மெலிந்து, ஸ்வெட்டருக்குள் பாதி காணாமல் போயிருந்தார்.

"வாம்மா, உக்காரு. மழையில நனைஞ்சிட்டியா?" என்றார் அவர். குரலில் மூச்சு கொஞ்சம் குறைவாக இருந்தது.

"ஹேப்பி பர்த்டே அங்கிள்," என்றேன்.

அம்மா என்னை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். "என்ன வேலை பாக்குற?"

"தரக் கட்டுப்பாடு, ஆன்ட்டி. எங்க குடும்பத்துலயே படிச்ச மொத ஆளு நான்தான்." (உட்கார்ந்து நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.)

"அப்படியா," என்றார். அதோடு முடிந்தது.

குச்சிகள் வந்தன. எஃகுக் குச்சிகள். தட்டையாக, வழுவழுவென்று. நான் பழகியது மரக்குச்சியில். கொஞ்சம் கலங்கினாலும் முகத்தில் காட்டவில்லை. கடைக்கார அம்மா நான்கு பெரிய கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தார். முதல் கிண்ணம் பிறந்தநாள்காரருக்கு. கறுப்பு சாஸுக்கு அடியில் நூடுல்ஸ் சுருண்டு கிடந்தது.

தினேஷின் அம்மா கணவரின் கிண்ணத்தை இரண்டு விரலால் தொட்டார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. சாப்பிடுமுன் வேண்டிக்கொள்கிறார், நல்ல பழக்கம் என்று நினைத்தேன். தினேஷ் குனிந்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

அங்கிளின் கிண்ணத்தை மரியாதையாக இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்தேன். நான்கு வெட்டு நெடுக்காக, நான்கு வெட்டு குறுக்காக. என் தொழிலில் அளவு முக்கியம். ஒவ்வொரு துண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று மறுபடி ஒரு சுற்று வெட்டினேன். அங்கிள் வாயைப் பாதி திறந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா கண்ணைத் திறந்தார்.

"அலாமாக்! ஐயய்யோ!"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தினேஷ் ஊற்றிய தண்ணீர் டம்ளர் நிறைந்து மேசையில் ஓடியது.

"என்னாம்மா பண்ணிட்ட? பொறந்தநாள் மீய யாராச்சும் வெட்டுவாங்களா? ஆயுசுலா அது! ஆயுசு!"

தினேஷ் என் காதருகே சொன்னான். சீனர்களிடமிருந்து வந்த வழக்கமாம். பிறந்தநாளன்று நீளமான மீ சாப்பிட்டால் ஆயுள் நீளும். கடிக்காமல், அறுக்காமல் உறிஞ்ச வேண்டும். கிள்ளானில் அவர்கள் தெருவில் எல்லோரும் செய்வார்களாம். அறுவைச் சிகிச்சை நடந்த இரவில், அறுபது தாண்டட்டும், நீளம் குறையாத மீ சாப்பிட வைக்கிறேன் என்று அவன் அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று பல்லைக் கடித்தேன்.

"இதெல்லாமா சொல்வாங்க? மீய யாரு வெட்டுவா?"

அந்த நொடியில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஒரு சாதாரண மனுஷி அதைத்தான் செய்வாள். நான் படித்தவள் ஆயிற்றே. விளக்கம் சொன்னேன்.

"ஆன்ட்டி, கொரியன் முறைப்படி பெரியவங்களுக்கு வெட்டிக் குடுக்கிறதுதான் மரியாதை. நான் பத்து நாள் படிச்சேன். அப்புறம், நூடுல்ஸ் நீளத்துக்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எந்த ஆதாரமும் கிடையாது. ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருச்சு, மருந்து ஒழுங்கா சாப்பிட்டாப் போதும்."

தினேஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் அம்மா என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தாமல் சொன்னார். "எனக்கும் தெரியும்மா. நான் தமிழ்ப்பள்ளியில பதினஞ்சு வருஷம் அறிவியல் சொல்லிக் குடுத்தவ. ஆறு மணி நேரம் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில உக்காந்திருந்தப்ப, எனக்குத் தெரிஞ்ச அறிவியல் எதுவும் துணைக்கு வரல."

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நான் எதிர்பார்த்துப் போன கண்ணீர்தான். காரணம் மட்டும் வேறு.

"விடுலா," என்றார் அங்கிள் மனைவியிடம். "டாக்டர் நெஞ்சையே வெட்டிட்டாரு. மீ வெட்டுனதிலயா போயிறப் போறேன்?"

"நீங்க சும்மா இருங்க!"

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நேராகக் கடைக்கார அம்மாவிடம் போனேன். நேர்முகத் தேர்வில் பேசுகிற ஆங்கிலத்தில், அறுபதாம் பிறந்தநாள், நீளமான நூடுல்ஸ், இன்னொரு கிண்ணம், தயவுசெய்து என்றேன். அவர் முதலில் விழித்தார். பிறகு எங்கள் மேசையை எட்டிப் பார்த்தார்.

"சிக்ஸ்டி?"

"யெஸ்."

"யூ கட்?"

தலையசைத்தேன். அவர் நெஞ்சில் கையை வைத்தார். அவர்கள் ஊரிலும் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீள நூடுல்ஸ்தான் ஆயுளுக்கு அடையாளமாம். என் பத்து நாள் படிப்பில் அது வரவில்லை. கொரியர்களும் சீனர்களும் மலேசியத் தமிழர்களும் ஒன்றாக உடன்படும் ஒரே விஷயத்தை நான் தவறவிட்டிருந்தேன்.

கடைக்கார அம்மா விடுவிடுவென்று எங்கள் மேசைக்கு வந்தார். முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு தினேஷின் அம்மாவின் தோளைத் தொட்டு, என்னைக் காட்டித் தலையை ஆட்டினார். தினேஷின் அம்மாவும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் இரண்டு பெண்களும் என்னைப் பற்றி முழுதாகப் பேசி முடித்தார்கள்.

புதிய கிண்ணம் வந்தது. அதை என் கைக்கு எட்டாத மூலையில் வைத்தார்கள். அம்மா மறுபடி கண்ணை மூடினார். இந்த முறை தினேஷ் மேசைக்கு அடியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

அங்கிள் ஒரு இழையை வாயில் வைத்து உறிஞ்ச ஆரம்பித்தார். பாதியில் மூச்சு வாங்கியது. இழை உதட்டிலிருந்து கிண்ணம் வரை தொங்கியது. யாரும் அசையவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள்கூடச் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். "மெதுவா, மெதுவா," என்றார் அம்மா. அங்கிள் மூக்கால் மூச்சை இழுத்து, ஒரே உறிஞ்சு. வால் சுழன்று என் வெள்ளைச் சட்டையில் கறுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டு உள்ளே போனது. கடைக்கார அம்மா கைதட்டினார்.

நான் எழுந்திருக்கப் போனேன்.

"உக்காரு," என்றார் தினேஷின் அம்மா. "வெட்டுனத யாரு சாப்பிடுவா?"

என் கிண்ணத்தோடு அதையும் என் முன்னால் தள்ளினார். அப்போதுதான் என் வேலைத் திறமையின் முழு விளைவும் தெரிந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு விரல்கணு நீளம்தான். எஃகுக் குச்சியில் ஒன்றுகூட நிற்கவில்லை. பிடித்தால் வழுக்கியது, தூக்கினால் விழுந்தது. ஸ்பூன் பக்கத்திலேயே இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. தோற்றாலும் குச்சியோடு தோற்பேன் என்று கால் மணி நேரம் போராடினேன்.

"ஸ்பூனை எடுத்துச் சாப்பிடு," என்றார் அவர்.

"பரவாயில்ல ஆன்ட்டி, எனக்குப் பழக்கம்தான்."

"யாருக்குப் பழக்கம்? சாயந்திரம் வரைக்கும் இங்கயே உக்காந்திருக்க முடியாதுலா. எடு."

எடுத்தேன். பத்தாம் வகுப்பில் மாவட்ட அளவில் பரிசு வாங்கிய கை, ஸ்பூனைப் பிடித்தது. இரண்டு கிண்ணத்தையும் முடிக்கும் வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து ரயில் நிலையக் கூரைக்கு அடியில் நின்றோம். விடைபெற்றுப் போய் அழலாம் என்று இருந்தேன்.

"உங்கப்பாவுக்குப் போன் போடு," என்றார் தினேஷின் அம்மா.

ஊரில் காலை ஏழரை மணி. அப்பா டீக்கடையில் இருந்தார். எண்ணைப் போட்டுப் போனை நீட்டினேன். அவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, முன்னுரை எதுவும் இல்லாமல் ஆரம்பித்தார்.

"நான் தினேஷோட அம்மா பேசுறேன். உங்க மக இன்னிக்கு என் வீட்டுக்காரர் ஆயுச பொடிப்பொடியா வெட்டிட்டா." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். வீடியோ பார்த்ததையும், ஆதாரம் இல்லை என்று நான் சொன்னதையும்.

மறுமுனையில் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல் வந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க தாயி. படிச்ச புள்ள. ஒண்ணும் தெரியாது."

தினேஷின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அங்கிள் தையல் வலிக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தினேஷ் தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.

"பரவால்லண்ணே," என்றார் தினேஷின் அம்மா கண்ணைத் துடைத்தபடி. "எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க. நாங்க பாத்துக்கறோம்."

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. கல்யாணமாகி, அங்கிள் மாமாவாகவும் ஆன்ட்டி அத்தையாகவும் ஆகிவிட்டார்கள். அப்பா சொன்ன அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நான் சமையல் குறிப்பைப் பார்த்துச் சாம்பாரைக் கெடுத்தாலும், ஜிபிஎஸ் சொன்னபடி மங்கரேயில் யார் வீட்டு வாசலிலோ காரை நிறுத்தினாலும் பின்னால் இருந்து மாமாவின் குரல் வரும். "படிச்ச புள்ள." அத்தை முடித்துவைப்பார். "ஒண்ணும் தெரியாது." அத்தை என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் முதலில் இந்தக் கதை, பிறகுதான் என் பெயர்.

ஒவ்வொரு ஜூனிலும் அதே கடைக்குப் போகிறோம். நீள நூடுல்ஸுக்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் மாமா உறிஞ்சுகிற அந்த முதல் இழையின் வால் உதட்டுக்குள் மறைகிற வரை மூச்சு விடுவதில்லை. கடைக்கார அம்மாவும் எதையும் மறக்கவில்லை. நாங்கள் கதவைத் திறந்ததுமே எங்கள் மேசைக்கு ஓடுகிறார். கத்தரிக்கோல் கல்லாவுக்குள் போகிறது. அதற்குப் பிறகுதான் மெனு வருகிறது.