டமார் அண்ணாச்சியின் சோக வேடம்

தூக்கத்தில்கூட வாய் ஓயாத ஒரு மனிதர், பேசாப் படத்தில் பெரிய நடிகராக ஆனார் என்றால் அது எங்கள் விருதுநகர்ப் பக்கம் மட்டும்தான் நடக்கும். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே எந்தப் பட்டாசு ஆலை வாசலில் அவர் பெயரைச் சொன்னாலும் முதலில் சிரிப்பு வரும், அப்புறம்தான் பதில் வரும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கும். ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லாருக்கும் அவர் டமார் அண்ணாச்சி.

அண்ணாச்சிக்கு ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன் வேலை. ஒவ்வொரு அறையாகப் போய், யாரும் தப்பு செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறை வாசல்தோறும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே நுழையுமுன் அதை உள்ளங்கையால் தொட வேண்டும். தொட்டால், உடம்பில் நமக்கே தெரியாமல் சேர்ந்திருக்கும் மின்சாரம் தரையில் இறங்கிவிடும். தொடாமல் போனால் ஒரு பொறி போதும். மிச்சத்தை எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மிச்சம் தெரிந்த வீடு இங்கே எல்லாத் தெருவிலும் இருக்கிறது.

அதனால் அண்ணாச்சி தகட்டு விஷயத்தில் மகா கண்டிப்பு. பழக்கம் முற்றிப்போய் ஆலைக்கு வெளியிலும் தொட ஆரம்பித்துவிட்டார். பேங்க், சலூன், கல்யாண மண்டபம், சம்பந்தி வீடு, எங்கே போனாலும் வாசற்காலை உள்ளங்கையால் தொட்டு, ஒரு மூச்சு நின்று, அதற்கப்புறம்தான் உள்ளே போவார். சூலக்கரைப் பக்கம் ஒரு ஆபீஸுக்கு மனுவோடு போன அன்று வாசலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து ஈரம் காயவில்லை. அன்றும் தொட்டார். மனுவில் ஒரு பச்சைக் கை பதிந்தது. பச்சை மையில் ஏற்கெனவே யாரோ பெரிய அதிகாரி கைவைத்துவிட்டார் என்று நினைத்து, அதைத்தான் முதலில் எடுத்தார்கள் என்பது அண்ணாச்சியே சொன்ன கதை. அண்ணாச்சி சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்வது ஊர் வழக்கம்.

அவர் நடிகரானதற்குக் காரணம் தூக்கம். ஆலையில் திங்கட்கிழமை காலை பாதுகாப்பு வகுப்பு நடக்கும். யாராவது வந்து பேசுவார்கள், எல்லாரும் கண் திறந்தபடியே தூங்குவார்கள். ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்கிறவன். சினிமாவுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் இடைவேளை போண்டாவோடு முடிந்தது.

"ஒரு வீடியோ எடுக்கணும்ப்பா. பாத்தா தூக்கம் வரக் கூடாது."

"மொதலாளி, நான் லேபிள்ல மயிலு வரையுத ஆளு."

"மயில நிக்க வைக்கத் தெரிஞ்சவனுக்கு மனுசன நடக்க வைக்கத் தெரியாதா. போர்மேனக் கூட்டிக்கோ."

ஆலைக்குள் செல்போன், கேமரா எதுவும் ஆகாது. ஆகவே விருதுநகரில் முதலாளியின் மச்சானுக்குச் சொந்தமான, மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றைப் படப்பிடிப்புக்குக் கொடுத்தார்கள். மூட்டைகள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. நெடி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. கேமராமேன் கல்யாண வீடுகளில் எத்தனையோ ஓமப் புகையைப் பார்த்தவர். கிட்டங்கிக்குள் காலை வைத்ததும் தும்ம ஆரம்பித்தவர் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோதுதான் நிறுத்தினார்.

அண்ணாச்சி அன்று ஒரு மாநாட்டுக்கு ஆகும் அளவுக்குப் பேசினார். பதிவைப் போட்டுக் கேட்டால், "நைலான் சட்டை" என்று ஆரம்பிக்கும், ஒரு தும்மல். "உராய்வு" என்று வரும், மூன்று தும்மல். முதலாளி கடைசிவரை பார்த்தார்.

"சத்தத்த எடுத்துருங்க. இந்த மூஞ்சி ஒண்ணே போதும்."

இப்படித்தான் பேசாப் படம் எங்கள் ஊரில் மறுபடியும் பிறந்தது. வசனம் போன இடத்தில் பழங்காலம் போல எழுத்து அட்டை வைத்தோம். எழுதியது நான். கதை எல்லாப் படத்திலும் ஒன்றுதான். அண்ணாச்சி ஒரு மறதிக்காரர். உராய்ந்தால் மின்சாரம் சேரும் என்று ஆலையில் ஆகாத, பளபளக்கும் நைலான் சட்டையில் வருவார். அறை வாசலில் நிற்பார். கை தகட்டை நோக்கிப் போகும். அந்த நேரம் பார்த்து ஒரு கொசு கடிக்கும், அல்லது வேட்டி நழுவும், அல்லது காக்கா ஒன்று தலைக்கு மேலே கத்தும். "தொட்டாரா?" என்று ஓர் அட்டை. "தொடவில்லை" என்று இன்னோர் அட்டை. உள்ளே போவார். "டமார்" என்று மூன்றாவது அட்டை. பச்சரிசி மாவைத் தாம்பாளத்தோடு ஊதி விடுவோம். மாவு அடங்கினால், கிழிந்த பனியனும் கரி அப்பிய முகமும் நட்டுக்கொண்டு நிற்கும் முடியுமாக அண்ணாச்சி, இரண்டு கண்ணை மட்டும் சிமிட்டுவார்.

திங்கட்கிழமை வகுப்பில் பெண்கள் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து தகட்டைத் தொடாமல் ஓர் ஆள் உள்ளே போகவில்லை. அடுத்த ஆலைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் பரவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை போனது. கொசு கடிக்கும் இடம் வந்தால் வகுப்பில் பெண்களும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள்: "அண்ணாச்சி, தகட்டத் தொடுங்க." அண்ணாச்சி ஒருபோதும் தொட்டதில்லை.

அவருக்கு ஒரே குறைதான்.

"ஏலே, நான் பேசுனதெல்லாம் எங்கலே?"

"தும்மல்ல போயிருச்சு அண்ணாச்சி."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும்தான்."

புகழ் வந்தால் தொல்லையும் வரும் அல்லவா? பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து தள்ளி உட்கார்ந்து, "டமார்னு போயிராதீக" என்பார். ஆஸ்பத்திரியில் இவர் காலில் கட்டுப்போட வந்த நர்ஸம்மா, கட்டைப் பாதியில் விட்டுவிட்டு மற்ற நர்ஸம்மாக்களைக் கூட்டிவரப் போய்விட்டார். இதையெல்லாம் அண்ணாச்சி ரசித்தார். ஒன்றை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

அவரோடு சின்ன வயதிலிருந்து திரிந்த மிளகாய்த் தரகர் ஒருவர் இறந்துபோனார். கேத வீட்டுக்கு அண்ணாச்சியோடு நானும் போனேன். உள்ளே பெண்கள் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கண்கலங்கி வாசலில் நின்றார். நின்றவர், பழக்க தோஷத்தில் வாசற்காலை நோக்கிக் கையைத் தூக்கினார். ஒரு பெண் அதைப் பார்த்தாள். அழுகை நடுவில் ஒரு மாதிரிக் கமறியது. அடுத்தவள் பார்த்தாள். அவ்வளவுதான், இறந்தவரின் மனைவிகூட முகத்தை மூடிக்கொண்டு அழுதபடியே சிரிக்கிறார், சிரித்தபடியே அழுகிறார்.

அண்ணாச்சி திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு காபி குடித்து முடிக்கும் நேரம் அவர் பேசாமல் இருந்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"என் கூட்டாளிலே அவன். அவனுக்காக அழத்தான் போனேன். ஒருத்தியும் என்னய அழ விடலயே" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒரே ஒரு தடவ இந்த மூஞ்சியப் பாத்து ஊரு சிரிக்காம இருக்கணும். அது போதும் எனக்கு."

 அந்த முகத்துக்கு அது பேராசை என்றுதான் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு சினிமாக் குழு சாத்தூர்ப் பக்கம் வந்து இறங்கியது. கதாநாயகிக்கு அப்பாவாக நடிக்க, உள்ளூரில் ஒரு சோகமான முகம் தேடினார்கள். உதவி டைரக்டர் ஒருவர் டீக்கடைப் பக்கம் வந்தபோது அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாய் நிறையச் சாத்தூர் காராச்சேவு. காரம் ஏறிக் கண்ணில் நீர். பேச வழியில்லாமல் தூரத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

உதவி டைரக்டர் போனில் சொன்னார்: "சார், ஒருத்தர் கெடைச்சுட்டார். முகத்துல அவ்வளவு துக்கம். வாயே தெறக்க மாட்டேங்கறார் சார்."

காராச்சேவு இறங்குவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மகள் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அப்பா, வெகுகாலத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் வீட்டுக்கு வருகிறார். "நல்லாருக்கியாம்மா" என்று கேட்கிறார். ஒரே காட்சி, ஒரே வசனம். அந்த வசனத்தை வைத்துக்கொண்டு அண்ணாச்சி ஊரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கண்டக்டரிடம் "நல்லாருக்கியாம்மா" என்றார். தபால்காரரிடம் "நல்லாருக்கியாம்மா" என்றார். அவர் வீட்டு அம்மா, "என்னய ஒரு நாளாச்சும் அப்படிக் கேட்டிருப்பீகளா" என்று இரண்டு வேளை சோறு போடவில்லை என்று கேள்வி.

படப்பிடிப்புக்குத் துணையாக நானும் போனேன். அண்ணாச்சி வீட்டுக்குள் நடந்து வந்தார், மகளைப் பார்த்தார், கண் கலங்கியது. "நல்லாருக்கியாம்மா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மைக்கைப் பார்த்ததும் அடக்கிவைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது.

"நல்லாருக்கியாம்மா. ஏம்மா, நைலக்ஸ் சேலையக் கட்டிக்கிட்டா அடுப்புகிட்ட நிப்பாக? நூல் சேல இல்லியா? இந்த கேஸ் டியூப என்னைக்கும்மா மாத்துன? ஒரு வாளி மணலாச்சும் வச்சிருக்கீகளா?"

கதாநாயகி தரையில் உட்கார்ந்து சிரித்தார். மேக்கப்பை மறுபடி போட வேண்டியதாயிற்று. எத்தனை முறை எடுத்தாலும் மணல் வாளி வந்தது. டைரக்டர் நல்ல மனிதர். அண்ணாச்சியின் தோளில் கைபோட்டுச் சொன்னார்.

"ஐயா, நீங்க பேசவே வேணாம். வெளியேருந்து வாங்க, வீட்டுக்குள்ள போங்க, பொண்ணைப் பாருங்க. அவ்வளவுதான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இங்கேயும் தும்மலா என்று கேட்பதுபோல் இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். வாசலில் நின்றார். உள்ளங்கையை வாசற்காலில் வைத்தார். ஒரு மூச்சு நின்றார். உள்ளே போனார். டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார்.

"அந்தக் கதவுல கை வெச்சீங்களே, யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? தொடாம எப்படிங்க உள்ள போறது?"

டைரக்டர் உதவியாளர் பக்கம் திரும்பினார். "பாத்தியா. பொண்ணு வீட்டுக்குள்ள நுழைய அப்பா தயங்கறார். எத்தனை வருஷ வருத்தம் அந்தக் கையில."

நான் டீ வாங்கப் போவதுபோல் வெளியே போய்விட்டேன்.

படம் விருதுநகரில் வெளியானது. முதல் நாள் ஆலைக்காரர்கள் லோடு வேன் பிடித்து வந்து தியேட்டரை நிறைத்துவிட்டார்கள். அண்ணாச்சி தியேட்டர் கதவைத் தொட்டு, ஒரு மூச்சு நின்று, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சிரிச்சிருவாகளோ?"

"சோகமான சீன் அண்ணாச்சி. யாரு சிரிப்பாக."

திரையில் தெருமுனையில் அவர் தலை தெரிந்ததுதான் தாமதம், தியேட்டரே சிரித்தது. விசில் பறந்தது. "ஏலே, டமார் வாராகடா" என்று ஒருவன் கத்தினான். திரையில் அழுத முகத்தோடு அவர் நடக்க நடக்கச் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் துண்டு மெல்ல முகம்வரை இறங்கியது.

"வாலே, போயிருவோம்."

எழுந்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். திரையில் அவர் வாசலுக்கு வந்து நின்றார். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "அண்ணாச்சி, தகட்டத் தொடுங்க." உடனே தியேட்டர் முழுக்கச் சேர்ந்துகொண்டது. தொடுங்க, தொடுங்க என்று கை தட்டுகிறார்கள். கொசு கடிக்கும், வேட்டி நழுவும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

திரையில் கை உயர்ந்தது. உள்ளங்கை வாசற்காலில் படிந்தது. ஒரு மூச்சு நின்றார்.

கைதட்டல் அப்படியே நின்றுபோனது. எத்தனையோ திங்கட்கிழமைகள் தொடச் சொல்லிக் கத்திய கூட்டம் அது. ஒரு படத்திலும் அவர் அவர்கள் பேச்சைக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டார். உள்ளே போனார். ஒன்றும் வெடிக்கவில்லை. மகள் திரும்பிப் பார்த்தாள். அப்பா ஒன்றும் பேசாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கத்திய அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியும். அண்ணாச்சியின் ஆலையில்தான் வேலை. அவள் புருஷன் வேறொரு ஆலைக்கு ஒரு காலையில் போனவர், திரும்பி வரவில்லை.

"இப்படித்தான் வீட்டுக்குப் பத்திரமா வந்து சேரணும் மனுசன்" என்று அவள் யாரிடமும் இல்லாமல் சொன்னாள். அதற்கப்புறம் தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

அண்ணாச்சி துண்டை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

"நீ என்னலே அழுத?"

"கிட்டங்கி நெடி அண்ணாச்சி. இன்னும் போகல."

வெளியே அந்தப் பெண் அவரிடம் வந்து, "இந்தத் தடவயாச்சும் தொட்டீகளே" என்றாள். அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார். பைக்கில் ஏறியதும் திறந்த வாய் வீட்டு வாசல்வரை மூடவில்லை. அந்த ஒரு வசனம் இருந்திருந்தால் விருதுநகரே கண்ணீரில் மிதந்திருக்குமாம்.

இப்போது அவர் குணச்சித்திர நடிகர். சோகமான அப்பா, சோகமான பெரியப்பா, சோகமான வாட்ச்மேன் எல்லாம் அவருக்குத்தான் வருகிறது. எதிலும் வசனம் கிடையாது. வாயைத் திறந்தால் மணல் வாளி வரும் என்ற விஷயம் சினிமா உலகம் முழுவதும் பரவிவிட்டது. திங்கட்கிழமைப் படங்களையும் அவர் விடவில்லை. மிளகாய்க் கிட்டங்கியில் இன்னமும் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அதிலும் ஒரு தடவை தகட்டைத் தொடக் கூடாதா என்று கேட்டேன்.

"நான் தொட்டுட்டா அவுக மறந்துருவாகலே" என்றார்.

எங்கள் பிரஸ்ஸில் வெடிமருந்து கிடையாது, மையும் காகிதமும்தான். ஆனாலும் தினமும் காலையில் வாசற்காலைத் தொட்டு, ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அந்த ஒரு மூச்சு நேரம், அண்ணாச்சி நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.