அம்மன் முதலில் எந்த லயத்துக்குப் போவாள்?

செங்கரைப்பட்டி,
புதுக்கோட்டை வழி, திருச்சி ஜில்லா.
பங்குனி, 1954

சிலோன், பூனாகலைத் தேயிலைத் தோட்டம், மேட்டு லயத்து வரிசை வீட்டில் வாசம் செய்யும் மகாகனம் பொருந்திய மைத்துனர் சிற்றம்பலம் அவர்கள் சமூகத்துக்கு, பள்ளத்து லயம் கனகசபைக் கங்காணி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம், என் கோட்டும் சுகம். மீசையின் சுகத்தைக் கீழே எழுதுகிறேன். அவ்விடம் உங்கள் சுகத்தையும், உங்கள் தங்கையும் என் சம்சாரமுமான ரெங்கம்மா என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாளா என்பதையும் அறிய ஆவல்.

கோயில் வாசலில் நாம் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போட்ட சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சித்திரைத் திருவிழாவில் அம்மன் சப்பரம் முதலில் மேட்டு லயத்துக்கு வர வேண்டும் என்று நீங்கள், பள்ளத்து லயத்துக்குத்தான் என்று நான். அந்தச் சூட்டில் என் மகள் லீலாதேவிக்கும் உங்கள் மகன் இரகுநாதனுக்கும் பேசி முடித்த கல்யாணம் அந்தரத்தில் நின்றுவிட்டது. "சாமி எந்தப் பக்கம் போனா என்னங்க, மருமகன் நம்ம பக்கம் வரணும்ல" என்று ரெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டேனா? "நம்ம பாட்டன் ஊர்ல எப்படியோ அப்படித்தான் இங்கயும். நானே போய்ப் பாத்துட்டு வர்றேன். நான் சொன்னது பொய்னா மீசையை எடுத்துட்டுச் சம்பந்தம் பேச வர்றேன்" என்று அத்தனை பேர் முன்னால் சவால் விட்டேன். நாக்கு என்னுடையது, யாரைக் குறை சொல்வது?

பண்டாரவளையில் ரயிலேறும்போதே வினையும் கூட ஏறியது. மொஹிதீன் நானா கடையில் தைத்த கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தேன். "கங்காணியார், இதப் போட்டுட்டுப் போய் இறங்கினா ஊரே எழும்பி நிக்கும்" என்று நானா சொல்லியிருந்தார். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலிலும் மாட்டுவண்டியிலுமாகப் பங்குனி வெயிலில் அந்தக் கோட்டுக்குள்ளேயே வெந்து இங்கே வந்து சேர்ந்தால், ஊர் எழும்பத்தான் செய்தது; ஆனால் நிற்கவில்லை, ஓடியது. அம்மை குத்த வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்களாம். நம் வாசகசாலையில் வருஷா வருஷம் நான் பிரசங்கம் செய்வேனே, வற்றாத ஆறு, யானை புகும் கோபுரம், என் பாட்டனார் அரண்மனை என்று? ஆறு ஒரு காய்ந்த ஓடை. கோபுரம் ஒரு வேப்பமரம். அரண்மனை இருந்த இடத்தில் ஒரு கருப்பு ஆடு நின்றது. அது மட்டும்தான் என்னைக் கண்டு ஓடவில்லை, கட்டிப்போட்டிருந்தார்கள்.

கடைசியில் பூசாரி அடைக்கலம் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். நாக்கு வறண்டு கிடந்த நான், "கொஞ்சம் தேத்தண்ணி கிடைக்குமா?" என்றேன். அவர் நடுங்கிப்போய், "தேத்தாங்கொட்டை போட்டுத் தெளிய வச்ச தண்ணிதாங்க எசமான், நாங்க வேற தண்ணியே குடிக்கிறதில்ல" என்று ஒரு குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தேயிலையிலேயே பிறந்து வளர்ந்தவன், டீ கேட்ட வாயால் கலங்கல் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். நான் அதிகாரி இல்லை, கண்டிச்சீமையில் இருந்து வந்தவன் என்று தெரிந்த பிறகுதான் ஊர் திரும்பி வந்தது. இங்கே பதுளை, பண்டாரவளை எல்லாம் கிடையாது மச்சான், மலை என்றால் எல்லாம் கண்டிதான்.

மறுநாள் விடியுமுன்னே தப்புச் சத்தம் கேட்டு எழுந்தேன். திருவிழாவின் முதல் நாள். எல்லாரும் கோயில் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள், பூசாரி வீடு வீடாகப் பேர் கூப்பிடுகிறார். "இது என்ன வழக்கம்?" என்றேன். "இதுதாங்க பெரட்டு. பெரட்டுல நிக்காத வீட்டுக்கு அம்மன் வரமாட்டா. பிந்தி வந்தா அரைப் பேரு, பாதிக் கரண்டிப் பொங்கல்தான். ஆதியிலேர்ந்து அப்படித்தாங்க" என்றார். மச்சான், நான் அழுதுவிட்டேன். தப்படித்ததும் கம்பளியை உதறிவிட்டு வேலைக்குப் பேர் பதிய ஓடுகிறோமே, அந்தப் பெரட்டும், பிந்தினால் பாதிக் கூலிக்கு அரைப் பேரும் வெள்ளைக்காரன் 'பரேட்' என்று போட்ட சட்டம் என்றல்லவா நினைத்தோம்? நம் அம்மன் சந்நிதியில் இருந்து அவன் களவெடுத்ததல்லவா அது! உடனே ஒரு கல்லின் மேல் ஏறினேன். 'அட்டு' என்றால் அழித்து, அசுரனை அட்ட பேரம்மனின் நாளே பேரட்டு, அதுவே பெரட்டு என்று சரித்திரத்தைப் பொழிந்தேன். சந்தடி சாக்கில், "எங்க பூனாகலையில அம்மன் மொதல்ல பள்ளத்து லயத்துக்குத்தான் போவா" என்றும் ஒரு போடு போட்டேன். கைதட்டினார்கள்.

கல்லை விட்டு இறங்கியதும் பூசாரி பக்கத்தில் வந்தார். "பூனாகலையா? எங்க ஐயாவும் அங்கதாங்க இருந்தாரு, மேட்டு லயத்துல. அவரு திரும்பி வந்துதான் இந்தப் பெரட்டு, அரைப் பேரு, சப்பரம் எல்லாம் ஏற்படுத்துனாரு. சாமி மொதல்ல மேட்டுத் தெருவுக்குப் போறதும் அவரு வச்ச வழக்கந்தான்."

"ஆதியிலேர்ந்துன்னீங்களே?"

"எனக்கு ஆதி எங்க ஐயாதானுங்களே."

"அதுக்கு முன்ன சாமி எந்தத் தெருவுக்குப் போச்சு?"

"எங்கயும் போகலீங்க. உக்காந்த எடத்துலயே இருந்தா."

எதை மூலம் என்று தேடிக் கடல் தாண்டி வந்தேனோ, அது நம் லயத்து வாசலில் இருந்து இங்கே வந்ததாம். அசடு வழிய நின்றேன். அப்போது ஒரு பெண், "உங்க ஊர்ல அம்மனுக்கு என்னங்க பூ வைப்பீங்க?" என்று கேட்டாள். உங்க ஊர் என்று அவள் சொன்னது பூனாகலையை. கொழும்புச் சர்க்கார் கந்தோரில் உத்தியோகஸ்தர்கள் என்னை இந்தியாக்காரன் என்கிறார்கள், இங்கே நான் சிலோன்காரர். இவள் ஒருத்திதான் சரியாகச் சொன்னாள். லயத்து நினைப்பு வந்துவிட்டது. ரெங்கம்மாவின் திட்டுக்குக்கூட மனசு ஏங்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் பேச்சு என்றால் பேச்சு. இங்கே அம்மன் மேட்டுத் தெருவுக்குத்தான் முதலில் போகிறாள், நீங்கள் ஜெயித்தீர்கள். இன்று காலை மீசையை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் உங்கள் தாயார், என் அத்தை, தெரிகிறார்கள். சித்திரையில் சப்பரம் உங்கள் வாசலுக்கே முதலில் வரட்டும், வைகாசியில் முகூர்த்தம் பாருங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். லீலாவிடம், அப்பா தோற்றுப்போனார் என்று சொல்லுங்கள், பிள்ளை சந்தோஷப்படும். அம்மன் இரண்டு லயத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
மீசையில்லாத
கனகசபை

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பூசாரி ஓடி வந்தார். "நாளைக்கு அம்மன் மொதல்ல பள்ளத் தெருவுக்குத்தாங்க போறா. எங்க ஐயா மறந்து மாத்தி வச்சிருப்பாரு, பூனாகலைக் கங்காணியாரே வந்து சொல்லிட்டாரேன்னு ஊர்க்கூட்டத்துல முடிவாயிருச்சு" என்கிறார். ஆகவே மேலே நான் எழுதிக்கொடுத்தது அத்தனையும் ரத்து. பாட்டன் ஊர் வழக்கப்படி பள்ளத்து லயமே முதல். கல்யாணம் மட்டும் ரத்தில்லை. முகூர்த்தத்தை வெகு சீக்கிரமாகப் பாருங்கள் மச்சான். மீசை முளைத்துவிட்டால் நான் மறுபடியும் பழைய கனகசபை ஆகிவிடுவேன்.