விமானப்படைத் தாத்தாவும் கைப்பையில் ஒளிந்த பக்கமும்

யார் வீட்டுப் பத்திரத்தில் வில்லங்கம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன், என் வீட்டைத் தவிர.

பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கிறேன். கோர்ட்டில் மேசையைத் தட்டிப் பேசுகிற வக்கீல் இல்லை. வங்கிக் கடன் கேட்கிறவர்களின் பழைய பத்திரங்களைப் படித்து, 'சொத்து இவருடையதுதான்' என்று எழுதிக் கொடுக்கிற வக்கீல். எங்கள் பக்கத்தில் இந்தத் தொழிலுக்குப் பெரிய தலைவலி பெயர்தான். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்தே தீர வேண்டும். அண்ணன் தம்பி இரண்டு பேர் என்றால் இருவருடைய மூத்த மகனுக்கும் ஒரே பெயர். அதனால் யார் வந்து உட்கார்ந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இதே பேர்ல குடும்பத்துல வேற ஆள் உண்டா?" என்பதுதான். இதைக் கேட்டுக் கேட்டே வீடு கட்டினேன். (மாடி இன்னும் பூசவில்லை, அது வேறு கதை.)

இப்படிப்பட்ட என்னைத் தேடித்தான் கோமதி அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, ஆவுடையப்பன் தாத்தாவின் மூத்த மகள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது தாத்தா சில வருடங்கள் வீட்டில் இல்லை. திரும்பி வந்தவரிடம் நீலக் கம்பளிக் கோட்டு ஒன்று இருந்தது. எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால் மீசையைத் தடவுவாராம். மீசையையும் கோட்டையும் வைத்து, அப்பா விமானப்படையில் இருந்தவர் என்று அத்தை சின்ன வயதிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

சேரன்மாதேவி தாண்டி ஆற்றோரம் இருக்கிறது எங்கள் பூர்வீக வீடு. தாத்தாவின் சித்தப்பா குடும்பம் நடுவில் சுவர் வைத்துப் பாதியைப் பிரித்துக்கொண்டது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை, ஏச்சு மட்டும் உண்டு. "பட்டாளத்துக்குப் போனது எங்க ஆளு. உங்க ஆளு விக்கிரமசிங்கபுரத்துல மில்லு வேலைக்குல்லா போனாரு. கோட்டும் இரவல்!" என்று சுவரைத் தாண்டி வரும். கல்யாணமாகிப் போன வீட்டிலும் அத்தையை அந்த 'இரவல் கோட்டு' விடவில்லை. பேத்தி எடுத்த பிறகும் அதைச் சொன்னால் அவளுக்குக் கண் கலங்கும்.

"ஏட்டி, எங்கப்பா இரவல் கோட்டு போட்டவரு இல்லன்னு கண்ண மூடுததுக்குள்ள நான் பாத்துரணும்" என்றாள்.

விமானப்படை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். பல மாதம் கழித்துப் படைப் பதிவேட்டின் நகல் வந்தது. எஸ். ஆவுடையப்பன். ஊர் சரி. தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கறை, முதல் எழுத்து 'எஸ்' மட்டும் தெரிந்தது. கொள்ளுத் தாத்தா பெயர் சுப்பையா. வேறென்ன வேண்டும்? கட்சிக்காரர் யாராவது இப்படி ஒரு கறையோடு வந்திருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். தாத்தாவுக்குச் சலுகை.

சுருக்கெழுத்தும் முத்திரையும் கோழிக்கிறுக்கலுமாக இருந்ததை, பூதக்கண்ணாடி வைத்து வரி வரியாகப் பிரித்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

"வேலை, விமான மெக்கானிக்."

அத்தை யோசித்தாள். "அப்பாவுக்கு சைக்கிள் செயின் கழண்டா மாட்டத் தெரியாதேட்டி. சைக்கிளத் தோள்ல தூக்கிட்டுல்லா வருவாரு?"

"விமானத்துல செயின் கிடையாது அத்தை. உயரம், அஞ்சடி மூணு அங்குலம்."

"வாசல் நிலையில தலை இடிக்காத நாள் கிடையாது அவருக்கு!"

"சேரும்போது சின்ன வயசு. அங்க போயி வளந்திருக்காரு. சத்தான சாப்பாடு."

"சரி."

"அடையாளம், இடது சுண்டுவிரல்ல நுனி இல்ல."

"பத்து விரலும் இருந்துச்சேட்டி. நான் புடிச்சு நடந்த கையி!"

"சல்யூட் அடிக்கும்போது பாத்து எழுதியிருப்பான். மடங்கி இருந்திருக்கும்." (சல்யூட் வலது கையில் அடிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. அத்தைக்கும் தோன்றவில்லை. இரத்த சம்பந்தம்.)

கடைசிப் பக்கம் வந்தபோதுதான் சத்தான சாப்பாடு என்று நான் சொன்னது வாய்முகூர்த்தம் என்று தெரிந்தது. இறைச்சி உண்பவர். ரம் பெற்றுக்கொண்டவர். போதாததற்கு, படைச் சமையற்கூடத்தில் அனுமதி இல்லாமல் இன்னொரு பங்கு ஆட்டுக்கறி எடுத்ததற்காகக் கண்டிக்கப்பட்டவர்.

எங்களுடையது சுத்த சைவக் குடும்பம். முட்டை போட்ட கேக்கை வாங்கி வந்தவன் தெருவிலேயே தின்று, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் படியேற வேண்டும். தாத்தாவோ வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடத் தொட மாட்டார். அத்தை தெருவை எட்டிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "அந்தத் தாள மட்டும் எடுத்துரு" என்றாள்.

எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். (சட்டப்படி இதற்கு என்ன பெயர் என்று என்னிடம் கேட்காதீர்கள்.)

தாத்தாவின் நூற்றாண்டு விழாவுக்குச் சின்னதாக ஒரு மண்டபம் பிடித்தோம். பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாலையும் சாத்தி மேடையில் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டாரையும் அழைக்கச் சொன்னது அத்தைதான். "முன்வரிசையில உக்காந்து கேக்கட்டும்" என்றாள். எனக்கும் அதே ஆசைதான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, 'வானத்தை அளந்த எங்கள் தாத்தா' என்று அரை மணி நேரம் முழங்கினேன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையிலிருந்து சுந்தரம் சித்தப்பா எழுந்தார். பக்கத்து வீட்டு ராசப்பா தாத்தாவின் மகன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பைய நடந்து மேடையேறி, விடைத்தாள் திருத்துகிறவரைப் போலச் சட்டத்தின் மேல் விரல் வைத்துப் படித்தார்.

"வக்கீலம்மா, இங்கன இடது சுண்டுவிரல் நுனி இல்லன்னுல்லா போட்டிருக்கு?"

"அது வந்து சித்தப்பா, சல்யூட்..."

"எங்கப்பாவுக்குத்தாம்மா இல்ல. சின்ன வயசுல வண்டிச் சக்கரத்துல குடுத்துட்டாரு. அஞ்சடி மூணும் அவருதான். பட்டாளத்துல மெஷின் பாத்ததும் அவருதான்."

"உங்கப்பா பேரு ராசப்பாதானே?"

"அது வீட்டுல கூப்பிடுத பேரு. மாமனார் பேரச் சொல்லக் கூடாதுன்னு எங்க ஆச்சி ராசப்பான்னு கூப்பிட்டா. பள்ளிக்கூடத்துல எஸ். ஆவுடையப்பன். சங்கரன் மகன்."

சுப்பையாவும் எஸ், சங்கரனும் எஸ். இரண்டு அண்ணன் தம்பி, இரண்டு மூத்த மகன்கள், ஒரே தாத்தா பெயர். எங்கள் வீட்டிலும் தாத்தாவை அதே காரணத்துக்காக 'துரை' என்றுதான் கூப்பிட்டார்கள். தினம் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வியை என் வீட்டில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று மேடையில் நின்றேன். மண்டப வாடகை கொடுத்த பூமி, அசையவில்லை.

சித்தப்பா சட்டத்தை மாலையோடு தூக்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டார். "மில்லுக்குப் போனவருக்கா மாலை போட்டிய?" என்று அவர் கூட்டத்தில் யாரோ கேட்க, ஒரே சிரிப்பு. அத்தையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான்தான் அவளை முன்வரிசையில் உட்காரவைத்து அவமானப்படுத்தியிருந்தேன்.

அத்தை எழுந்தாள். "ஏலே சுந்தரம், பைய போ. பாதியத்தான் எடுத்துட்டுப் போற. ஏட்டி, பையில இருக்குத தாளையும் அவன்ட்ட குடு."

கொடுத்தேன். சித்தப்பா கண்ணாடியைச் சரிசெய்து வாய்விட்டு வாசித்தார். முதல் வரியில் கையை நெற்றியில் வைத்தார். மூன்றாவது வரியில் உட்கார்ந்துவிட்டார். பட்டாளக் கதை கேட்டால் ராசப்பா தாத்தா ஏன் வாயே திறக்காமல் இருந்தார் என்பது மண்டபத்துக்கே விளங்கியது.

"யக்கா," என்றார் சித்தப்பா. பல வருடம் கழித்து அவர் அத்தையிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ஆவுடையப்பன்னு ஊர்ல இன்னும் நாலு பேரு இருந்திருப்பாவ. இது எங்கப்பா இல்ல போல..."

"சுண்டுவிரல் உங்களுதுன்னா கறிச்சட்டியும் உங்களுதுதாம்ல" என்றாள் அத்தை. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எங்கப்பா மில்லுக்குத்தான் போனாரு. செயின் மாட்டத் தெரியாது. கோட்டும் இரவல்தான். ஆனா கை சுத்தம், வாயும் சுத்தம். போட்ட மாலை கிடக்கட்டும், அவருக்கு வேற மாலை வாங்கியாங்க."

மறுநாள் அத்தை அந்த நீலக் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு, தானே அடுத்த வீட்டுப் படியேறிக் கொடுத்துவிட்டு வந்தாள். சித்தப்பா கோட்டை வாங்கியதும் ஒருமுறை மோந்து பார்த்தாராம்.

இப்போது இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு. கல்யாணப் பந்தியில் அவர்கள் வந்து உட்கார்ந்தால், "விமானப்படைக்கு இன்னொரு பங்கு வைங்க" என்று அத்தை குரல் கொடுப்பாள். என் பாடுதான் திண்டாட்டம். போன மாதம் என் மகளுக்கு வந்த ஒரு வரனின் ஜாதகத்தை, குலம் கோத்திரம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பெருமையாக அத்தையிடம் நீட்டினேன். அவள் அதைத் திறக்கவே இல்லை.

"அதெல்லாம் கிடக்கட்டும். பையன் சுண்டுவிரலப் பாத்தியாட்டி?" என்றாள்.