ராணுவ வண்டிக்கு நான் போட்ட பளபளப்பு

எண்ணூர்ப் பாலத்திலிருந்து தெற்கே நடந்துகொண்டிருந்தேன். பின்னால் யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. உச்சி வெயில். கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையாக நின்றுவிட்டிருந்ததால், அந்தச் சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்த ஒரே வாகனம் நான்தான்.

ஒரு வேலை கெட்டுப்போனால், முதலாளி வாயைத் திறப்பதற்குள் நடையைக் கட்டிவிடுவது என் வழக்கம். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் பிரம்பைத் தேடிய அன்று தொடங்கிய நடை அது. அதன்பிறகு காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன். விஜயவாடாவில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். நாக்பூர் வரைக்கும் லாரி கிளீனராகப் போய், வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டேன். எல்லா இடத்திலிருந்தும் நடந்தேதான் வெளியே வந்திருக்கிறேன். (ஒரே ஓர் இடத்திலிருந்து ஓடினேன். அங்கே நாய் இருந்தது.) நான் போன பிறகு யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அன்றைக்கு நடையைக் கட்டியதற்குக் காரணம் இதுதான்: யார் கண்ணிலும் படக்கூடாது என்று ராணுவம் ஆசைப்பட்ட ஒரு வண்டியை, கப்பலிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி நான் ஆக்கிவைத்திருந்தேன்.

அப்போது நான் திருவொற்றியூரில், சரோஜா அக்காவின் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தேன். அக்காவின் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை செய்கிறவர். வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். பட்டறையை அக்காதான் நடத்தினார். காதர் பாய் ஃபோர்மேன். வெல்டிங் பொறியைவிட அவர் வாயிலிருந்து வரும் பொறிக்குத்தான் நாங்கள் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டறையில் வேலை படுத்துவிட்டிருந்த சமயத்தில் அந்த பிக்கப் வந்தது. மீன் கூடையும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு நம் தெருவில் போகிற அதே சின்ன வண்டிதான். அதை ராணுவத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கும் வேலையை ஒரு பெரிய கம்பெனி எடுத்திருந்தது. மாதிரிக்கு ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லி எங்களிடம் விட்டார்கள். தேறினால் மீதி வண்டிகளும் எங்களுக்கே வரும். தேறாவிட்டால் பட்டறையைக் காலி செய்துவிடுவதாக அக்கா பாயிடம் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். (ஒட்டுக் கேட்கவில்லை. அக்கா மெதுவாகப் பேசினாலும் டோல்கேட் வரை கேட்கும்.)

பாய் அந்த வண்டியைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். மேடு பள்ளம் தாங்க, அடியில் கூடுதல் பட்டை போட்டார். பின்பக்கம் இரண்டு ஓரமும் ஆட்கள் உட்கார பெஞ்சு. நடுவில் துப்பாக்கி நிறுத்த ஒரு இரும்புத் தண்டு. எண்ணெய் கேன் மாட்ட சட்டம், மறைப்பு வலை கட்டக் கொக்கிகள். கடைசியில் பளபளப்பே இல்லாத பச்சைப் பெயின்ட். அடித்து முடித்ததும் வண்டி, வெயிலில் காய்ந்த எருமை மாதிரி நின்றது.

என் மனசு கேட்கவில்லை.

காரணம் சொல்கிறேன். இங்கே வருவதற்கு முன் மாதவரத்தில் நான் செய்த வேலை, லாரிகளை எஃப்.சி.க்கு, அதாவது ஆர்.டி.ஓ. தகுதிச் சான்றிதழுக்கு, தயார் செய்வது. அதிகாரி பார்க்கப் போகிறார் என்றால் வண்டி ஜொலிக்க வேண்டும். அதுதான் எங்கள் தொழில் தர்மம். டீசலில் கொஞ்சம் எண்ணெய் கலந்து துணியில் தொட்டு உடம்பெல்லாம் துடைப்போம். டயருக்குக் கறுப்புப் பூச்சு. முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று சுற்றிலும் ரேடியம் ஸ்டிக்கர். பின்னால் போகும்போது கத்துகிற ரிவர்ஸ் ஹாரன். என் கை பட்ட லாரி எதுவும் திரும்பி வந்ததில்லை.

திங்கட்கிழமை வண்டியைப் பார்வையிடக் கம்பெனி ஆள் வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா புளியந்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பாய் போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

“நாளைக்கு நீ முன்னாடி போயி, பாலத்துக்கு அந்தாண்ட முள்ளுப் புதர்ல வண்டிய நிறுத்தி, வலையப் போட்டு வை. நாங்க ஆபீசரோட வர்றோம். வேற எதுவும் பண்ணாத. புரிஞ்சுதா?”

புரிந்தது. ஆனால் இந்த மங்கின வண்டியை அப்படியே அதிகாரி முன்னால் நிறுத்துவதா? அக்காவின் பட்டறையே இதில் தொங்குகிறது. என் வீட்டிலும் கொஞ்சம் தொங்கியது. “இந்த வேலையையும் வுட்டுட்டு வந்து நின்ன, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயினே இருப்பேன்” என்று என் மனைவி தேவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவள் சொன்னதைச் செய்கிறவள். எனவே அன்று பகல் முழுக்க, பட்டறையில் தனி ஆளாக உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அந்த வண்டியின் மேல் இறக்கினேன். தூசி படாமல் தார்ப்பாய் போட்டு மூடினேன். அவ்வளவு திருப்தியாக நான் தூங்கின நாள் வேறு கிடையாது.

திங்கள் காலை புதருக்குள் நிறுத்தி, தார்ப்பாயை எடுத்துவிட்டு வலையைக் கட்டினேன். பாலத்தின் மேல் கார் வந்து நின்றது. அக்கா, பாய், கூடவே மீசை வைத்த ஒரு பெரியவர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கம்பெனிக்காக வண்டிகளைப் பார்க்கிறவர். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது.

அவர் அதைத் தூக்கவே இல்லை.

என் போன் அடித்தது. பாய்.

“டேய், வண்டிய ஒளிச்சிட்டியா?”

“ஒளிச்சிட்டேன் பாய்.”

“அப்ப அங்க மின்னிகினு கீதே, அது இன்னாடா?”

வலையின் ஓட்டை ஒவ்வொன்றின் வழியாகவும் வெயில் என் டீசல் பூச்சில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் ஸ்டிக்கர் அது பாட்டுக்குத் தனியாக எரிந்தது. முட்டளவு தண்ணீரில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கையைக் கண்ணுக்கு மேல் குடையாக வைத்துப் பார்த்தார்கள்.

“இன்னா மாமு, பொண்ணு அழைப்பா? மைக் செட்டு எங்க?” என்று ஒருவர் கேட்டார்.

மைக் செட்டு வந்துகொண்டிருந்தது. “வண்டிய வெளிய எடு” என்றார் பாய். ரிவர்ஸ் கியர் போட்டேன். நான் புதிதாக மாட்டியிருந்த ஹாரன் முதலில் ஒரு துள்ளல் மெட்டு வாசித்தது. பிறகு ஒரு பெண் குரல் இந்தியில், வண்டி பின்னால் வருகிறது, தயவுசெய்து விலகி நில்லுங்கள் என்று கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னது. எதிரிக்கு இந்தி மட்டும் தெரிந்திருந்தால் போதும், பிழைத்துக்கொள்வான். நண்டு பிடித்தவர்கள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நிற்க முடியாத சிரிப்பு.

பாலத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினேன். சுபேதார் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். போனட் அருகே வந்ததும் நின்றார். குனிந்தார். அதில் முகம் பார்த்து, மீசையின் ஒரு பக்கத்தைச் சரிசெய்துகொண்டார்.

“வண்டி ரொம்ப நல்லாருக்கும்மா. இதுல ஒரு மாப்பிள்ளைய ஏத்தி அனுப்பலாம். சிப்பாய ஏத்த முடியாது” என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார். உரக்கப் பேசுகிற மனுஷி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நின்றிருப்பேன். சாவியை போனட்டில் வைத்தேன். (அது வழுக்கிக் கீழே விழுந்தது. அத்தனை பளபளப்பு.) நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

காலடிப்பேட்டையில் வீட்டுக்குள் நுழைந்ததும் தேவி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள்.

“டிபன் பாக்ஸ் எங்க?”

“அங்கியே வுட்டுட்டேன்.”

“வேலையையுமா?”

நடந்ததைச் சொன்னேன். அவள் ஊருக்குப் போக மூட்டை கட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஹாரன் பேசிய இடம் வந்ததும் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். “விலகி நில்லுங்கனு சொல்லுச்சா? தயவு செஞ்சா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவ்வளவு சிரித்தவளுக்கு அம்மா வீட்டுக்குப் போகத் தெம்பு இல்லை.

சாயங்காலம் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. காதர் பாய். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, பின்பக்கக் கதவு இருக்கிறதா என்று பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்பக்கமே கிடையாது.

பாய் டிபன் பாக்ஸை நீட்டினார்.

“சோத்த வெச்சிட்டு ஓடிட்டா, அத கழுவி வெக்கறதுக்கு ஒன் மாமனாரா வருவாரு? கத்திக் கத்தி என் தொண்டையே பூடுச்சு. ஒரு தபா திரும்பிப் பாத்தியா?”

“வண்டி இன்னா ஆச்சு பாய்?”

“பட்டை, பெஞ்சு, கொக்கி, எல்லாம் பாத்தாரு. ஒரு கொறை சொல்லல. மேல கீற கலீஜ மட்டும் எடுத்துட்டு அடுத்த வாரம் காட்டச் சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒரே பேஜாரு. எண்ணெ உள்ள ஊறிகினு கீது. மொத்தத்தையும் தேய்ச்சி எடுக்கணும். காலையில அக்கா உன்ன வரச் சொல்லிச்சு.”

“அடிப்பாங்களா?”

“அடிக்கறதுக்கு ஆள் கீறோம்டா. தேய்க்கறதுக்குத்தான் ஆள் இல்ல.”

அவர் போன பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். விட்டு வந்த ஓர் இடத்திலிருந்து எனக்கு ஆள் வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் வண்டி தேறியது. மீதி வண்டிகளும் வந்தன. பட்டறை இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நானும் அங்கேதான் இருக்கிறேன். (என் சரித்திரத்தில் இது ஒரு சாதனை.) வீட்டில் யாராவது பவுடர் பூசி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால் தேவி விடமாட்டாள். “இன்னா, ஆர்மிக்கா, எஃப்.சி.க்கா?” என்பாள். என் மச்சான் பெண் பார்க்கப் போன அன்று, பெண் வீட்டு வாசலில் அவன் இரண்டடி பின்னால் நகர்ந்ததும் மொத்தக் குடும்பமும் ஒரே குரலில் “தயவுசெய்து விலகி நில்லுங்கள்” என்றது. பெண் வீட்டாருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

பாய் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டுப் போனதற்கு மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். அக்கா வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். குரல் திரும்பி வந்திருந்தது.

“சுத்தி வா. எங்கெங்க மின்னுதுனு கைய வெச்சிக் காட்டு.”

காட்டினேன். போனட், கதவு, நான் ஸ்டிக்கர் ஒட்டிய இடம் எல்லாம். கை நிற்கவில்லை. நான் தொடாத இடங்களிலும் மின்னியது. கண்ணாடி விளிம்பு, வைப்பர் தண்டு, பெஞ்சின் போல்ட்டுத் தலைகள்.

“டேய், அந்த போல்ட்டு நான் போட்டதுடா” என்றார் பாய்.

“மின்னுது பாய்.”

பாய் குனிந்து பார்த்தார். எழுந்து வேறு பக்கம் பார்த்தார். அக்கா சிரித்தது எதிர் டீக்கடை வரை கேட்டிருக்கும்.

“ஊர்ல இவன் கண்ணு ஒண்ணுதான் பளபளப்புக்கே அலையுது. இனிமே அதான் இவன் வேலை, பாய். எந்த வண்டி வெளிய போனாலும் இவன் ஒரு சுத்து பாத்துட்டுத்தான் போணும். மின்னுனா வுடாத.” பிறகு என் பக்கம் திரும்பி, “இன்னா, செய்றியா? இல்ல, நடக்கப் போறியா?”

“செய்றேங்க்கா.”

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, போனட்டிலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன். பச்சைத் தண்ணீர் கையில் வழிந்தது. பாய் வாசலில் நின்று எதிர்க் கடைக்கு டீ சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.